சார்ஜ் நிற்காத பேட்டரி: மாஹிம், தாராவி வட்டாரத்தில் ஒரு பழுதுத் தொழிலின் வரலாறு

மடிக்கணினியின் பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று கண்டுபிடித்துத் தருவது மும்பையில் ஒரு பிழைப்பாக வளர்ந்தது 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில்தான். தீர்ந்துபோனதாகத் தோன்றும் பொருளிலிருந்து மிச்ச உழைப்பை வாங்கும் வணிகமோ மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கத்தில் அதற்கு வெகுகாலம் முன்பே வேர்விட்டிருந்தது. நிலையத்தின் மேற்கே மாஹிம், கிழக்கே தாராவி. மாநகராட்சிக் கணக்கில் இரண்டும் தாதரோடு சேர்ந்து ஜி வடக்கு வார்டு. தாராவியின் முதல் தோல் பதனிடும் கூடம் 1887-இல் வந்ததாகச் சொல்வார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் அத்தொழிலில் நிறைய பேர் இருந்தார்கள். 1971-இல் பாந்த்ராவின் இறைச்சிக்கூடம் தேவ்னாருக்கு மாறிய பிறகு பதனிடுதல் தேய்ந்தது, தோல் தையல் நிலைத்தது. இன்று அங்கே தைக்கப்படுபவற்றில் மடிக்கணினிப் பையும் ஒன்று. அந்தப் பைக்குள் இருக்கும் கணினி கழிக்கப்பட்டால், அதன் பிளாஸ்டிக்கும் கம்பியும் அதே தாராவியில் பழைய பொருள் பிரிக்கும் 13-ஆம் காம்பவுண்டுக்கு வந்து சேர வாய்ப்புண்டு.

பேட்டரிக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள உறவு கணினிக்கு முந்தியது. தாராவிச் சாலையில் எஸ்ட்ரெலா பேட்டரி நிறுவனத்தின் ஆலை இருந்தது. டார்ச் விளக்குக்கும் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் போடும் உலர் மின்கலம் செய்த நிறுவனம் அது. கல்கத்தாவில் 1934-இல் பதிவான எவரெடியும், 1972-இல் சென்னையில் தொடங்கி நெல்லூரில் ஆலை வைத்த நிப்போவும் தமிழ்நாட்டுக் கடைகளில் விற்ற அதே காலத்துப் பொருள். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் அந்த மின்கலத்துக்குக் கட்டை என்று பெயர். கட்டை வலுவிழந்தால் வெயிலில் காயவைப்பார்கள், மாலையில் ரேடியோ மறுபடி பாடும். இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 1866-இல் லெக்லாஞ்சே வடித்த துத்தநாக-மாங்கனீசுக் கலத்தில் தொடர்ந்து மின்சாரம் எடுத்தால் வேதிவினையின் கழிவு மின்வாயருகே தேங்கி வோல்ட் இறங்குகிறது. கலத்துக்கு ஓய்வும் சூடும் கிடைத்தால் தேக்கம் ஓரளவு கலைந்து, எடுபடாமல் கிடந்த மிச்சம் வெளியே வருகிறது. புதிய சக்தி எதுவும் சேர்வதில்லை. பேட்டரி ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்குப் பொதுமக்கள் தம் கையால் கண்டடைந்த முதல் விடை அதுதான். அந்தக் கலத்தைப் பொறுத்தவரை விடை சரி.

அடுத்து வந்தது நிக்கல்-காட்மியம். ஸ்வீடனின் யுங்னர் 1899-இல் உருவாக்கிய இந்தக் கலத்தைத் திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யலாம். கம்பியில்லாத் தொலைபேசி, வீடியோ கேமரா, தொடக்க கால மடிக்கணினி எல்லாம் இதை நம்பியே ஓடின. இதற்கு ஒரு குறை உண்டு; அதை நினைவுக் குறை என்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு மட்டும் இறக்கி மறுபடி ஏற்றிக்கொண்டே இருந்தால், அந்த அளவோடு வோல்ட் சரிந்துவிடும். செயற்கைக்கோள்களில் சீரான சுற்றில் இயங்கிய கலங்களில் இது கவனிக்கப்பட்டது. வீட்டுச் சாதனங்களில் பெரும்பாலும் அளவுக்கு மீறி சார்ஜில் விட்டதே காரணம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: முழுக்கக் காலியாக்கிவிட்டு ஏற்றுவது. 'பேட்டரி ஜீரோவுக்கு வந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்', 'புது பேட்டரியை முதல் தடவை எட்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும்' என்ற இரு விதிகளும் இந்தக் கலத்திலிருந்து பிறந்தவை. கடைக்காரர் சொல்லி வாடிக்கையாளரும், அப்பா சொல்லி மகளும் என்று அவை பரவின.

கலம் மாறியது, விதி மாறவில்லை. 1970-களில் விட்டிங்ஹாம், 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃப், 1985-இல் ஜப்பானில் யோஷினோ என்று மூவர் கட்டிய அடித்தளத்தில் சோனி நிறுவனம் 1991-இல் லித்தியம்-அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அம்மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு 97 வயது. தமிழ்நாட்டில் இந்த வேதியியலுக்கென ஓர் இடம் உண்டு: அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். லித்தியம் கலத்தை உள்நாட்டிலேயே செய்யும் முயற்சிகளில் அதற்குப் பங்குண்டு.

லித்தியம்-அயனிக்கு அந்த நினைவுக் குறை இல்லை. ஆகவே முழுக்கக் காலியாக்கும் மருந்து இதற்குத் தேவையற்றது, கெடுதலும்கூட. கலத்தின் வோல்ட் மிகவும் கீழே போனால் உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். அதைத் தடுக்கவே பேட்டரிக்குள் ஒரு காவல் மின்சுற்று வைத்திருக்கிறார்கள். அப்படியும் பழைய விதி முப்பது ஆண்டுகளாகச் சாகாமல் இருப்பதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. அது பேட்டரியின் அளவுமானியில் இருக்கிறது.

இன்டெலும் டியூராசெல்லும் 1995-இல் 'ஸ்மார்ட் பேட்டரி' என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. அதன்படி பேட்டரிக்குள்ளேயே ஒரு சிப் உட்கார்ந்து, உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வரும் மின்னோட்டத்தையும் கூட்டிக் கழித்து மீதி எவ்வளவு என்று கணினிக்குச் சொல்கிறது. திரையின் மூலையில் தெரியும் விழுக்காடு இந்தச் சிப்பின் மதிப்பீடு. சின்னச் சின்னப் பிழைகள் மாதக்கணக்கில் சேர்ந்தால் மதிப்பீடு உண்மையிலிருந்து விலகும். 40 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த கணினி சட்டென்று அணையும். ஒரு முறை நிறைய ஏற்றி, ஒரு முறை இறக்கி, மறுபடி ஏற்றினால் சிப் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும், விழுக்காடு ஒழுங்காகும். பார்ப்பவருக்கு பேட்டரியே குணமானதுபோல் தோன்றுகிறது. திருந்தியது அளவுமானி மட்டும், கலத்தின் கொள்ளளவில் ஒரு துளி கூடவில்லை. பழைய விதியின் ஆயுளை நீட்டியது இந்தத் தோற்றமே.

மடிக்கணினி மும்பை வீடுகளுக்குள் பரவலாக வந்ததில் சுங்க விதி ஒன்றுக்கும் பங்குண்டு. 2004 ஜனவரியில், 18 வயது நிரம்பிய பயணி ஒரு மடிக்கணினியைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் வேலை பார்த்த பிள்ளைகள் மாட்டுங்கா, செம்பூர் வீடுகளுக்கு வரும்போது பெட்டியில் ஒரு கணினி இருப்பது இயல்பானது. வெளிநாட்டில் வாங்கியதற்கு உள்ளூரில் உத்தரவாதம் செல்லாத நிலையில், பேட்டரி தளர்ந்தால் போக்கிடம் கிராண்ட் ரோடு அருகே இருக்கும் லேமிங்டன் சாலை. ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கிக் கணினிக்கு மாறிய சந்தை அது; சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ மும்பைக்கு அது அப்படி. அங்கே கற்ற கை, மாஹிம், மாட்டுங்கா, சயான் என்று வடக்கே சின்னச் சின்னக் கடைகளாகப் பிரிந்தது. 1923 முதல் மாட்டுங்காவில் இருக்கும் விஜேடிஐ போன்ற தொழில்நுட்பக் கல்லூரிகளின் மாணவர்கள் அவர்களுக்கு நிலையான வாடிக்கையாளர்கள்.

அந்தக் கடைகளுக்கு வந்த பேட்டரி பெரும்பாலும் ஒரே அமைப்பு. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளைக் கலங்கள். அதனாலேயே அதற்கு 18650 என்று பெயர். இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் இணைத்த மூன்று ஜோடிகள் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு கலமும் 2,200 மில்லி ஆம்பியர்-மணி என்றால், மொத்தம் 11.1 வோல்ட், 4,400 மில்லி ஆம்பியர்-மணி, ஏறக்குறைய 49 வாட்-மணி. வரிசையில் ஒரு ஜோடி தளர்ந்தால் அது முதலில் கீழே போகும். உடனே காவல் சுற்று முழு பேட்டரியையும் நிறுத்திவிடும். மற்ற நான்கு கலங்களில் பாதிச் சார்ஜ் இருந்தாலும் பயனில்லை. கடைக்காரர் உறையைப் பிளந்து, ஜோடிக்கு ஜோடி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். டிரான்சிஸ்டர் ரேடியோக் காலத்தில் கட்டையைச் சோதித்த முறையும் இதுவே. கருவி மட்டும் நுட்பமானது.

ஆறு கலத்தையும் எடுத்துவிட்டுப் புதிது வைத்து, நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து ஒட்டுவதற்குக் கடை மொழியில் செல் மாற்றுவது என்று பெயர். இந்த வேலையில் கைத்திறனை விடப் பொறுமைக்கே மதிப்பு அதிகம். கலத்தை நேரடியாகச் சூட்டுக்கோலால் பற்றவைத்தால் உள்ளிருக்கும் பிரிப்புத் தாள் கெட்டுவிடும். பழைய கலத்தோடு புதியதைக் கலந்தால் புதியதும் பழையதன் அளவுக்குத்தான் உழைக்கும். எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது: புதுக் கலம் வந்தது சிப்புக்குத் தெரியாது. பழைய கொள்ளளவையே நினைவில் வைத்துக்கொண்டு பாதியிலேயே 'தீர்ந்தது' என்று அறிவிக்கும். கலத்தைக் கழற்றும் நேரத்தில் மின்சாரம் அறுந்தால் சில சிப்புகள் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். ஆகவே தேர்ந்த கடைகள் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துச் சிப்பை விழித்திருக்க வைத்துக்கொண்டே கலம் மாற்றின. சிப்பின் நினைவைத் திருத்தும் கருவியும் வைத்திருந்தன. இந்தப் படி தெரியாத கடைகளின் வேலைதான் செல் மாற்றினால் நிற்காது என்ற கெட்ட பெயரைத் தொழிலுக்கு வாங்கித் தந்தது.

இவ்வளவும் பேட்டரியே குற்றவாளி என்று வைத்துக்கொண்ட கதை. பல பழுதுகளில் அது குற்றவாளி அல்ல என்பதைத் தொழில் மெல்லத்தான் கற்றது; இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமான திருப்பம் அதுதான். 49 வாட்-மணி பேட்டரியில் கணினி 8 வாட் இழுத்தால் ஆறு மணி நேரம் ஓடும். மூன்றாண்டில் கொள்ளளவு 30 வாட்-மணியாகச் சுருங்கினால் அதே இழுவையில் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. பேட்டரி புதிதாகவே இருந்தும் கணினி 16 வாட் இழுத்தால் வெறும் மூன்று மணி நேரம். வாடிக்கையாளர் சொல்லும் புகார் இரண்டிலும் ஒன்றுதான்: 'பேக்அப் இல்லை'. மருந்தோ முற்றிலும் வேறு. முதலாவதுக்குப் புது பேட்டரி வேண்டும்; இரண்டாவதுக்குப் புது பேட்டரி வாங்குவது பணத்தைக் கடலில் போடுவது.

இரண்டையும் பிரித்தறிய உதவிய அளவைகள் மென்பொருளின் வழியே வந்தன. 1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்த மின்சிக்கன விதிமுறையும், 1996-இல் தோஷிபாவும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறையும், பேட்டரி சிப்பின் எண்களை இயக்குதளம் படிக்க வழி செய்தன. 2007-இல் இன்டெல் லினக்ஸுக்கு வெளியிட்ட பவர்டாப் எந்த நிரல் மையச் செயலியை எத்தனை முறை எழுப்புகிறது என்று வரிசையிட்டுக் காட்டியது. விண்டோஸ் 8 முதல் ஒரே ஒரு கட்டளையில் பேட்டரி அறிக்கை கிடைக்கிறது: செய்தபோது இருந்த கொள்ளளவு, இன்று நிறைந்தால் நிற்கும் கொள்ளளவு, எத்தனை சுற்று ஓடியது என எல்லாம் ஒரே பக்கத்தில். இன்றைய கொள்ளளவு பழையதில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பேட்டரியை விட்டுவிட்டு இழுவையைத் தேட வேண்டும்: திரையின் வெளிச்சம், உலாவியில் திறந்து கிடக்கும் பக்கங்கள், பின்னணியில் ஓடும் ஒத்திசைவு, தூசி அடைத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும் விசிறி, தேவையில்லாமல் விழித்திருக்கும் தனி வரைகலைச் சிப்.

மூடி வைத்த கணினியே தீர்ந்துபோவது தனி வகை. 2012-க்குப் பின் வந்த கணினிகள் பலவற்றில் பழைய ஆழ்ந்த உறக்கம் எடுக்கப்பட்டு, கைப்பேசிபோல் அரைத்தூக்கத்தில் இணையத்தோடு இருக்கும் முறை வந்தது. காலையில் நிறைந்த பேட்டரியோடு பைக்குள் வைத்தது, புறநகர் விராரிலிருந்து ரயிலில் மாஹிம் வந்து சேர்வதற்குள் சூடேறிப் பாதி காலியாவதற்கு அது ஒரு காரணம். உறக்கத்துக்குப் பதில் முழு நிறுத்தம் அல்லது ஹைபர்நேட் அதற்கு மருந்து. முழுக்க அணைத்த பிறகும் தீர்ந்தால் குற்றம் மின்பலகையில். கடைக்காரர் பேட்டரியைக் கழற்றி, அம்மீட்டர் உள்ள மின்வழங்கியை மாட்டி, அணைந்த கணினி எவ்வளவு மின்னோட்டம் குடிக்கிறது என்று பார்ப்பார். கசிவு இருந்தால் கெட்ட மின்தேக்கியையோ துருவேறிய இணைப்பையோ தேட வேண்டும். கடலோர ஈரமும் உப்பும் நிறைந்த மாஹிம் போன்ற இடத்தில் இது அரிய பழுதல்ல.

மும்பைக்கென்று ஒரு தனிப் பழுது உண்டு. அதன் மூலம் நகரத்தின் மின்சார வரலாற்றில் இருக்கிறது. கொலாபா தொடங்கி மாஹிம், சயான் எல்லை வரை மின்சாரம் தருவது பெஸ்ட். 1905-இல் தனியார் நிறுவனமாகத் தொடங்கி 1947-இல் மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1915 முதல் கோபோலியின் டாடா நீர்மின் நிலையம் நகருக்கு மின்சாரம் அனுப்பியது. இந்தியாவின் மற்ற ஊர்கள் மின்வெட்டில் தவித்தபோது மும்பைக்கு அது அரிதானது. ஆகவே இங்கே மடிக்கணினி மேசைக் கணினிபோல் நாள் முழுக்க சார்ஜரில் மாட்டியே கிடக்கிறது. லித்தியம் கலத்துக்கு நூறு விழுக்காட்டில் நிற்பதும் சூடும் சேர்ந்ததே பெரும் பகை. 25 டிகிரியில் நாற்பது விழுக்காடு சார்ஜோடு ஓராண்டு கிடந்த கலம் தன் கொள்ளளவில் ஏறக்குறைய 96 விழுக்காட்டைக் காக்கும். அதுவே 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு கிடந்தால் மிஞ்சுவது 65 விழுக்காடு அளவில்தான். ஒரு சுற்றுகூட ஓடாத பேட்டரி இப்படித்தான் தேய்கிறது.

2010-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நேர் எதிரான நிலை. 2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த நாட்கள் உண்டு. திருநெல்வேலி மாணவரின் பேட்டரி தினமும் ஏறி இறங்கிச் சுற்றுகளால் தேய்ந்தது; தாராவியில் இருக்கும் அவருடைய உறவினரின் பேட்டரி சும்மா நிறைந்திருந்தே தேய்ந்தது. பழுது பார்ப்பவர் கணினியைத் திறக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எங்கே, எப்படிப் பயன்பட்டது என்பது.

மும்பையின் மறைந்திருந்த தேய்மானம் ஒரே நாளில் வெளிப்பட்டது. 2020 அக்டோபர் 12 காலை பத்து மணியளவில், கல்வா-பட்கே 400 கிலோவோல்ட் தடத்தில் ஏற்பட்ட கோளாறைத் தொடர்ந்து நகரம் முழுவதும் மின்சாரம் நின்றது. கொரோனாக் காலம், அலுவலகமும் வகுப்பும் வீட்டிலிருந்தே நடந்தன. மாதக்கணக்கில் சார்ஜரை விட்டுப் பிரியாத கணினிகள் தம் பேட்டரியை மட்டும் நம்ப வேண்டி வந்தது. எண்பது விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் ஏற்பாடு இன்று பல கணினிகளின் அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. எப்போதும் மாட்டியே வைத்திருப்பவருக்கு அதைவிடப் பயனுள்ள, செலவில்லாத மருந்து கிடையாது.

செல் மாற்றும் தொழிலின் சரிவு இரு பக்கத்திலிருந்து வந்தது. முதலாவது அச்சம். 2006 ஆகஸ்டில் சோனி கலங்களைக் கொண்ட 41 லட்சம் பேட்டரிகளை டெல் திரும்பப் பெற்றது, ஆப்பிள் 18 லட்சத்தை. கலம் செய்யும்போது உள்ளே விழுந்த நுண்ணிய உலோகத் துகள் தீப்பிடிக்கக் காரணம். மறு ஆண்டு நோக்கியா 4.6 கோடிக் கைப்பேசி பேட்டரிகளைப் பற்றி எச்சரித்தபோது, பேட்டரியின் எண்ணைச் சரிபார்க்க இந்தியா முழுக்கச் சேவை மையங்களில் கூட்டம் கூடியது. இரண்டாவது வடிவம். 2008, 2009 முதல் மெல்லிய கணினிகளில் பேட்டரி உள்ளே புதைந்தது. உருளைக் கலத்தின் இடத்தில் தட்டையான பை வடிவக் கலம் வந்தது. அதைப் பிரித்து ஒரு ஜோடியை மட்டும் மாற்ற முடியாது. தேய்ந்த பை கலம் வாயு சேர்ந்து உப்பி, தொடுபலகையை மேலே தள்ளும். அந்த நிலையில் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுக் கழற்றுவதே ஒரே வழி. கடைகள் செல் மாற்றுவதிலிருந்து முழு பேட்டரி விற்பதற்கு நகர்ந்தன. ஒரிஜினல், கம்பாட்டிபிள், டூப்ளிகேட் என்ற மூன்று தரமும் மூன்று விலையும் அப்போது நிலைபெற்றவை. டூப்ளிகேட்டின் மேல் அச்சிட்ட கொள்ளளவை நம்புவதற்கில்லை. மாட்டியதும் பேட்டரி அறிக்கை எடுத்துப் பார்ப்பதே வாங்குபவருக்குக் காப்பு.

கழித்த பேட்டரிகள் பழைய பாதையிலேயே போயின. பிரித்த உருளைக் கலங்களில் நல்லவை பவர் பேங்குக்கும் எல்இடி விளக்குக்கும் மறுபிறவி எடுத்தன. செத்தவை பழைய சாமான் மூட்டையில் சேர்ந்தன. கணினி உறையின் பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து நொறுக்கும் 13-ஆம் காம்பவுண்டுத் தொழிலாளருக்கு, அந்த மூட்டையில் தவறி வரும் ஒரு கலம் நசுங்கினாலே தீ. அவர்களுடைய பாதுகாப்பைப் பற்றிச் சட்டம் வெகுநாள் பேசவில்லை. 2001-இன் பேட்டரி விதிகள் ஈய அமில பேட்டரியை மட்டுமே கணக்கில் எடுத்தன. 2012 மே முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் கணினியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்தன. லித்தியம் உட்பட எல்லா பேட்டரிக்கும் பொறுப்பு வகுத்தது 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள். கையடக்க பேட்டரியின் மூலப்பொருளில் 2024-25-இல் 70, 2026-27 முதல் 90 விழுக்காடு மீட்கப்பட வேண்டும் என்பது அவற்றின் இலக்கு. அந்தக் கணக்கு பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகளுக்கே பொருந்தும். தாராவியின் பிரிப்போர் அதற்குள் எப்படி வருவார்கள் என்பது, 2022 நவம்பரில் ஒப்பந்தப்புள்ளி திறக்கப்பட்ட தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 13-ஆம் காம்பவுண்டுக்குக் கிடைக்கும் இடத்தைப் பொறுத்திருக்கிறது.